நைனா வரிசையில் உட்கார்ந்த காலை

எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை என்றால் மீன் குழம்பும் சண்டையும் ஒரே நேரத்தில் கொதிக்க ஆரம்பிக்கும். அண்ணன் சென்னையில் ஒரு பெரிய தனியார் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் வேலை பார்த்தான். நான் பழவேற்காடு ஏரிக்கரையில் ஓர் அரசு சுகாதார நிலையத்தில் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து ஓ.பி. சீட்டு எழுதினேன். ஒரு வயிற்றில் பிறந்த இரண்டு பேர், ஆளுக்கொரு ஆஸ்பத்திரிக்குக் கொடி பிடித்தோம்.

"ஓசில குடுத்தா எவன் மதிப்பான்?" என்று அண்ணன் ஆரம்பிப்பான். "எங்க ஆஸ்பத்திரில வாசல்ல கால வெச்சவொடனே நாற்காலி போடுவாங்க. உங்க ஆஸ்பத்திரில நாயி கூட வரிசையில படுத்துக்கினு கீது."

"அந்த நாயி கடிச்சா போடற ஊசியும் எங்ககிட்டதான் கீது" என்பேன் நான். "உங்ககிட்ட கடிபட்டவன் வந்தா மொதல்ல இன்னா கேப்பீங்க? பேரயா, கார்டயா?"

அண்ணன் இன்னொரு துண்டு மீன் கேட்பான். எனக்குச் சுருக்கென்று கோபம் வரும் சுபாவம். பேச்சில் விட்டுக்கொடுத்துப் பழக்கமில்லை. ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் நான் ஒருபோதும் வாய் திறக்காத விஷயங்களும் இருந்தன. டாக்டர் கூட்டத்துக்குப் போய்விட்ட நாட்களில் காட்டூரிலிருந்து பஸ் ஏறி வந்த பெண்கள் திரும்பிப் போனதை அண்ணனிடம் சொன்னதில்லை. முப்பது நாள் மாத்திரைக்குப் பதில் பத்து நாளுக்குக் கொடுத்து அனுப்பியதையும் சொன்னதில்லை. அவனும் அவன் மேசையில் நடந்ததைச் சொன்னதில்லை. இரண்டு பேரும் அவரவர் அழுக்கை மூட்டை கட்டி வாசலுக்கு வெளியே வைத்துவிட்டுத்தான் சாப்பிட உட்கார்ந்தோம் என்று இப்போது தெரிகிறது.

எங்கள் அப்பா, நைனா, என் கட்சி. அதற்காக எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது. ஒருமுறை அண்ணன், துட்டு கொடுத்தால்தான் நல்ல வைத்தியம் என்று சொன்னபோது நைனா கையைக் கழுவிக்கொண்டே, "நம்ம ஊரு டச்சுக்காரன் கல்லறைக்குப் போய்ப் பாரு. துட்டு இருந்தவன்தான் அங்க வரிசையா படுத்துக்கினு கீறான்" என்றார். அம்மா சிரித்ததில் அவளுக்குப் புரையேறிவிட்டது.

ஆனால் நைனாவுக்கு அரசு ஆஸ்பத்திரி பிடித்ததற்குக் காரணம் அது இலவசம் என்பதல்ல. அங்கே வரிசை இருந்தது. வரிசை அவருக்குப் பாடு மாதிரி.

எங்கள் பக்கத்தில் ஏரியில் நினைத்த இடத்தில் வலை போட முடியாது. இறால் ஓடும் நல்ல இடங்களை ஊர் பிரித்து, குடும்பங்களுக்கு முறை வைத்திருக்கிறது. அந்த முறைக்குப் பாடு என்று பெயர். உன் பாடு வந்தால் அந்த இடம் அன்று விடியலிலிருந்து மறுநாள் விடியல் வரை உன்னுடையது. பணக்காரன், ஏழை, பெரிய தோணி, சின்னத் தோணி எதுவும் கணக்கில்லை. அடுத்தவன் பாட்டில் வலை இறக்கினால் ஊர்க்கூட்டத்தில் நிற்க வேண்டும். வலையையும் பிடுங்கிக்கொள்வார்கள். ஒருவன் தன் முறையை விற்கக் கூடாது. மனதிருந்தால் இன்னொருவனுக்கு விட்டுக்கொடுக்கலாம். ஒருமுறை தவறவிட்டால் மறுபடி வர நாளாகும் என்பதால் பாடு நாளில் யாரும் கரையேற மாட்டார்கள். எங்கள் ஊரில் கல்யாணத்துக்குத் தேதி குறிக்கும்போது நாள் நட்சத்திரம் பார்ப்பதற்கு முன்னால் மாப்பிள்ளை வீட்டுக்கு என்றைக்குப் பாடு என்று கேட்பார்கள்.

சின்ன வயதில் நைனாவின் பாடு நாட்கள் எனக்கு மனப்பாடம். விரல் விட்டு எண்ணிக்கொண்டே பள்ளிக்கூடம் போவேன். பாட்டுக்கு மறுநாள் வீட்டில் இறால் இருக்கும், அம்மாவின் முகத்தில் களை இருக்கும், எது கேட்டாலும் அடி விழாது.

அந்தக் காலை நடந்ததற்கு ஆறு மாதம் முன்பு மாமா, அதாவது அம்மாவின் தம்பி, காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார். கூட்டம் அதிகம். நான் அவரைப் பக்கத்துக் கதவு வழியாக டாக்டரிடம் அனுப்பிவிட்டேன். எல்லோரும் செய்கிற காரியம்தான். அது நைனா காதுக்கு எட்டியது. இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், "அடுத்தவன் பாட்டுல வல போட்டுட்டு வந்துகீற" என்றார்.

"அது ஏரி நைனா. இது ஆஸ்பத்திரி" என்று நான் கத்தினேன்.

"ரெண்டும் பொதுதான்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஆனால் அதற்குப் பிறகு அந்தப் பக்கத்துக் கதவை நான் யாருக்கும் திறக்கவில்லை. உறவுக்காரர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள்.

அது சித்திரை மாதம், திங்கட்கிழமை. சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை கொடுக்கும் நாள் என்பதால் எட்டு மணிக்கே கூட்டம் வாசலைத் தாண்டிவிட்டது. டாக்டர் ஒருவர்தான். படிப்பு முடித்து முதல் வேலைக்கு வந்த பையன். நான் தலையை நிமிர்த்தாமல் பெயர், வயது, என்ன தொந்தரவு என்று கேட்டு எழுதிக்கொண்டிருந்தேன். ஜன்னலில் ஒரு கை வந்தது. ஈரக் கை, விரலிடுக்கில் சேறு. நிமிர்ந்தால் நைனா.

"இன்னா நைனா, மாத்திரை தீந்துடுச்சா?"

"நெஞ்சு எரியுதும்மா. வாயுதான். கஞ்சி குடிக்காம பூட்டேன்."

என் மனதுக்குள் அந்த ஆறு மாதக் கோபம் எங்கேயோ ஒட்டிக்கொண்டிருந்திருக்க வேண்டும். "வரிசையிலதான் வரணும். தெரியும்ல?" என்றேன். பெருமையும் குத்தலும் பாதிப் பாதி.

நைனா சிரித்தார். "அதான் வேணும்" என்றார்.

சீட்டில் 'வாயு' என்று எழுதினேன். எண் ஐம்பத்திரண்டு. அவர் அதை வாங்கி இரண்டாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தார். லுங்கி முழங்கால் வரை நனைந்திருந்தது. அதையும் பார்த்தேன். அடுத்த ஆளின் பெயரைக் கேட்டேன்.

ஒன்றரை மணி நேரம். நடுவில் ஒரே ஒரு தடவை எட்டிப் பார்த்தேன். துண்டை மார்பில் போட்டுக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தார். வேர்த்திருந்தது. மின்விசிறி சரியாகச் சுற்றாத அந்த இடத்தில் எல்லோருக்கும் வேர்த்திருந்தது. பக்கத்தில் இருந்த ஆள் ஏதோ கேட்க, இவர் தலையாட்டிக்கொண்டிருந்தார். ஒன்றுமில்லை என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

டாக்டர் அறைக்குள் அடுத்ததாகப் போக வேண்டியவள் ஓர் இளம்பெண். கோட்டைக்குப்பத்துக்காரி. இடுப்பில் ஜுரக் குழந்தை. திரும்பிப் பார்த்தவள் நைனாவைக் கண்டதும் கதவருகிலிருந்து கிளம்பிக் கடைசி பெஞ்சுக்கு வந்தாள். தன் சீட்டை அவர் கையில் திணித்தாள்.

"பெரிப்பா, நீ போ உள்ள."

"புள்ளைக்கு ஜுரம் கீது. நீ போம்மா" என்றார் நைனா. குரல் பாதிதான் வந்தது.

அவள் அவரோடு பேசி நேரத்தை வீணாக்கவில்லை. நேராக என் ஜன்னலைப் பார்த்துச் சத்தம் போட்டாள்.

"யக்கா, உங்க நைனா பாட்ட வுட்டுட்டு வந்து குந்திக்கினு கீறாரு, பாத்தியா இல்லியா நீ? எங்க ஊட்டுக்காரரு இன்னிக்கு அவருகூடதான் பாட்டுல கீறாரு. பாட்டு நாளு எவனாவது கரையேறுவானா?"

பேனாவைக் கீழே போட்டேனா, கையில் பிடித்துக்கொண்டே ஓடினேனா, நினைவில்லை. நான் போய்ச் சேர்வதற்குள் வரிசை இரண்டாகப் பிளந்து வழி விட்டிருந்தது. இரண்டு பேர் அவரைத் தூக்கியிருந்தார்கள். காத்திருந்தவர்களில் ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை. அவர் கேட்டிருந்தால் எட்டரை மணிக்கே அந்த வழி திறந்திருக்கும்.

அந்தப் பையன் டாக்டர் நன்றாக வேலை செய்தான். ஈ.சி.ஜி. எடுத்தான், மாத்திரைகளை வாயில் போட்டுக் கடித்து மெல்லும்படி சொன்னான், ஆம்புலன்ஸை அழைத்தான். ஹார்ட் அட்டாக், நேரமாகிவிட்டது, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயாக வேண்டும் என்று என்னிடம் சொன்னான். சீட்டைப் பார்த்தான். 'வாயு' என்று யார் எழுதியது என்று கேட்கவில்லை. என் கையெழுத்து அவனுக்குத் தெரியும்.

ஆம்புலன்சில் இருந்தபடி அண்ணனுக்குப் போன் செய்தேன். நடந்ததை மறைக்காமல் சொன்னேன். ஏச்சு விழும் என்று காத்திருந்தேன். அவன், "ஈ.சி.ஜி.ய போட்டோ எடுத்து அனுப்பு. நான் வாசல்ல நிக்கறேன்" என்றான். அவ்வளவுதான். சென்னை அரசுப் பெரிய ஆஸ்பத்திரி வாசலில் அவன் சொன்னபடியே நின்றான், கழுத்தில் தொங்கிய தன் ஆஸ்பத்திரி அடையாள அட்டையைக்கூடக் கழற்றாமல். உள்ளே போன ஐந்தாவது நிமிடம் ஊசி போட்டார்கள். சீட்டும் கேட்கவில்லை, கார்டும் கேட்கவில்லை. நைனா பிழைத்தார்.

இரத்தக் குழாயில் அடைப்பு இருந்தது. அதை எடுக்க அங்கே நாள் தள்ளிப்போனது. எங்களுக்கு முன்னால் நிறையப் பேர் காத்திருந்தார்கள். அண்ணன் வீட்டிலிருந்த அரசுக் காப்பீட்டு அட்டையை எடுத்துக்கொண்டு தன் ஆஸ்பத்திரிக்கே போனான். மேசையில் புதிதாகச் சேர்ந்த பெண் இருந்தாள். இவனை அவளுக்குத் தெரியாது. அட்டையைப் பார்த்ததும், "பெட் காலி இல்லீங்க" என்றாளாம்.

"அந்த வார்த்தைய அவளுக்கு நாங்கதான் கத்துக் குடுத்தோம்" என்று அண்ணன் என்னிடம் சொன்னான். ஆஸ்பத்திரிக்கு வெளியே டீக்கடையில் நின்றுகொண்டிருந்தோம். "மேல இருந்து சொல்லுவாங்க. நானும் எத்தினியோ பேருக்குச் சொல்லிக்கீறேன். ஒருத்தன் மூஞ்சியும் நெனப்புல இல்ல." டம்ளரை வைத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டான். அவன் அழுது நான் பார்த்தது அன்று மட்டும்தான். ஆள் பிடித்து, சொல்லிக் கேட்டு, கடைசியில் அதே ஆஸ்பத்திரியில், அரசு அட்டையில், நைனாவுக்கு ஸ்டென்ட் வைத்தார்கள். நல்ல டாக்டர். சுத்தமான கட்டில். நான் குறை சொல்ல அங்கே ஒன்றும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமைச் சண்டை நிற்கவில்லை. எங்கள் வீட்டில் அது நிற்காது. ஆனால் அண்ணன் சொல்கிற சில விஷயங்களுக்கு நான் இப்போது, ஆமாம், எங்களிடம் அப்படித்தான் என்று சொல்லிவிடுகிறேன். வரிசை நியாயமானதுதான். ஆனால் வரிசையை ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்த ஒருவர் நான். என் சம்பளம் அதற்கும் சேர்த்துத்தான். அண்ணனும் அவன் மேசையைப் பற்றிச் சொல்கிறான், முன்பு சொல்லாததை.

ஜன்னலில் நான் கேட்கும் கேள்வி ஒன்று கூடியிருக்கிறது. என்ன தொந்தரவு என்று கேட்டபின், "இன்னிக்கு உங்களுக்குப் பாடு இல்லியா?" என்று கேட்பேன். காட்டூர்ப் பெண்களிடம், "இன்னிக்கு நடவு இல்லியா?" என்பேன். ஊர்வம்பு கேட்கிறேன் என்று சிலர் நினைக்கிறார்கள். நினைத்துவிட்டுப் போகட்டும். பாட்டையும் நடவையும் விட்டுவிட்டு ஒருவர் வந்திருந்தால் நான் எழுந்து போய் அவர் முகத்தைப் பார்க்கிறேன்.

நைனா மாதாமாதம் மாத்திரை வாங்க வருகிறார். வரிசையில்தான் உட்காருகிறார். எழுப்பினாலும் எழுந்திருப்பதில்லை. ஒருநாள் மாத்திரைப் பையோடு பஸ் நிறுத்தம் வரை அவருடன் நடந்தேன். பல மாதமாக உள்ளே கிடந்ததைக் கேட்டே விட்டேன்.

"நைனா, ஏரில ஒருத்தன் தோணி கவுந்தா முறை பாப்பியா நீ?"

"கவுந்தவன் கத்துவான் இல்ல."

"நீ ஏன் கத்தல? வலி தாங்காமதான பாட்ட வுட்டுட்டு வந்த? எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னா இன்னா?"

அவர் பஸ் வருகிறதா என்று சாலையைப் பார்த்தார். என்மேல் குறை சொல்கிற தொனி துளியும் இல்லை. அப்படி இருந்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

"சொல்றதுக்கு இன்னா கீது?" என்றார். "அன்னிக்கு எனக்குப் பாடுனு உனக்குத் தெரியும்னு நெனச்சேன்."

பஸ் வந்தது. கைப்பிடியைப் பிடித்து மெதுவாக ஏறினார். வேலையில் சேர்ந்த நாளிலிருந்தே நான் பாடு எண்ணுவதை விட்டுவிட்டேன் என்பதை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.