சங்கு சக்கரம் எழுதிய கட்டில்

பிரசவ வேதனையில் இருக்கிற பெண்ணைக் குலுங்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். முதலில் இருந்த யோசனை அவ்வளவுதான். அது என்னுடையதும் அல்ல.

நான் ஸ்ரீரங்கத்தில் திருமண்ணும் துளசி மணியும் விற்று ஜீவனம் செய்கிறவன். படிப்பு நாலாம் வகுப்போடு நின்றது. யோசனை சொன்னவன் கொள்ளிடக் கரையில் ஒரு வாழைத் தோட்டத்தில் வேலை பார்த்தவன். வயதில் என்னைவிட இளையவன், என்னை அண்ணே என்பான். எங்கள் தெருவுக்குப் பின்னால் உள்ள சின்னப் பெருமாள் கோயிலில் புறப்பாடு என்றால், பெருமாளைத் தூக்கிக்கொண்டு வீதி சுற்றும்போது முன்தண்டில் வலது தோள் அவனுடையதுதான். வேறு யாரும் அந்த இடத்தைக் கேட்டதில்லை.

அவன் மனைவி இரண்டாம் பிரசவத்தில் போய்விட்டாள். மாட்டு வண்டியில் வைக்கோல் பரப்பிப் படுக்கவைத்து, திருச்சிக்குக் கொண்டுபோகிற வழியில், காவேரிப் பாலத்தின் மேலேயே உயிர் போயிற்று. மூத்த பெண்ணுக்கு அப்போது நாலு வயது. அதைப் பற்றி அவன் யாரிடமும் பேசமாட்டான். அந்தப் பெண் வளர்ந்து, அவளுக்குக் கல்யாணமும் ஆகி, லால்குடிப் பக்கம் புருஷன் வீட்டுக்குப் போன அந்த வாரம்தான் என் கடைப் பலகையில் வந்து உட்கார்ந்து முதன்முதலாகச் சொன்னான்.

"வண்டி ஒவ்வொரு தடவை குலுங்கறப்பவும் கத்தினா, அண்ணே. பாலம் பாதி தாண்டினப்புறம் கத்தல. அந்தக் குலுக்கல்லதான் அவ உயிர் போச்சுன்னு எனக்குத் தோணுது. பெருமாளைத் தூக்கிட்டு நாலு வீதி சுத்தறோம், அவர் மாலையில ஒரு பூ உதிருதா? ஒரு பொம்பளையை அப்படித் தூக்கிட்டுப் போக முடியாதா?"

"தூக்கலாம்தான்" என்றேன்.

"என் பொண்ணும் தலைப்பிரசவத்துக்கு இங்கதானே வருவா. அதுக்குள்ள செஞ்சுடணும். மத்த பொம்பளைங்களுக்கும் ஆகும்."

அவனுக்கு இருந்த அவசரம் அது.

இரண்டு பச்சை மூங்கில், நடுவே கயிற்றுப் பின்னல், மேலே பழைய ஜமக்காளம், அதுதான் எங்கள் கட்டில். தோட்டத்து ஆட்கள் மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டான். எனக்குத் தோளில் பலம் கிடையாது. பின்னால் குடையும் தண்ணீர்ச் சொம்பும் எடுத்துக்கொண்டு நடப்பது, ஆஸ்பத்திரியில் வலி கண்ட நேரத்தை எழுதிக் கொடுப்பது, இவை என் வேலை.

பழகுவதற்குக் கட்டிலின் மேல் ஒரு குடம் நிறையத் தண்ணீர் வைத்துத் தோட்ட வரப்பில் நடக்கவிட்டான். "காலைத் தூக்காதே, தேச்சு வை. முழங்காலை நிமித்தாதே. முன்னால இருக்கறவன் வலது வச்சா பின்னால இருக்கறவன் இடது வைக்கணும்." ஒரு சொட்டு தளும்பினாலும் வரப்பின் தொடக்கத்துக்கே திரும்ப வேண்டும். கொள்ளிடத்துக்குத் துவைக்கப் போகிற பெண்கள் நின்று சிரிப்பார்கள். "என்னங்க, குடத்துக்குக் கல்யாண ஊர்வலமா? மாப்பிள்ளை எங்க?" என்று ஒருத்தி கேட்டாள். "மாப்பிள்ளை இன்னும் பொறக்கல, அவனைக் கூட்டிட்டு வரத்தான் போறோம்" என்று இவன் திருப்பிக் கொடுத்தான். அவன் சிரித்து நான் பார்த்த கடைசிக் காலம் அதுதான் என்று இப்போது தோன்றுகிறது.

கூப்பிட்ட வீட்டுக்கெல்லாம் போனோம். பூக்கட்டுகிறவர் மனைவியைக் கொண்டுபோனோம். அம்மா மண்டபத்துப் பக்கம் ஒரு சமையல்காரர் மகளைக் கொண்டுபோனோம். பாலத்தின் மேல் போகும்போது அந்தப் பெண் கண்ணயர்ந்துவிட்டாள். அவ்வளவு மெதுவாக, அவ்வளவு சமமாக நடந்தார்கள். ஒவ்வொரு தடவையும் முடிந்ததும் காவேரியில் முழுகி, ஈரத்தோடு கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு அவரவர் வேலைக்குப் போவோம். சங்கம் என்று பெயர் கிடையாது. தலைவர் கிடையாது. ஜமக்காளத்தைத் துவைக்கிற முறை யாருக்கு என்பது ஒன்றுதான் எங்களுக்குள் இருந்த சட்டம்.

ஒரு குறை இருந்தது. பச்சை மூங்கிலையும் கயிற்றையும் பார்த்தால் ஜனங்களுக்குப் பாடை ஞாபகம்தான் வரும். ஒரு வீட்டு மாமியார் வாசலிலேயே வழிமறித்தாள். "இங்க யாரும் சாகல. எடுத்துட்டுப் போங்கடா!" என்று கத்தினாள். அவன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "திரும்பி வரப்போ புள்ளையோட வருவா இல்ல, அப்ப பல்லக்குன்னு சொல்லுவாங்க, விடுங்க அண்ணே" என்றான். எனக்குத்தான் பொறுக்கவில்லை. மங்கள காரியத்துக்கு அமங்களமான உருவம் இருக்கிறதே என்று வருத்தப்பட்டேன். இந்தச் சின்னக் காரியத்தை நாலு பேர் மதிக்கும்படி செய்ய வேண்டும் என்று எனக்கு ஆசை வந்தது. அந்த ஆசையைப் பகவத் கைங்கரியம் என்று நினைத்துக்கொண்டேன்.

மலைக்கோட்டைப் பக்கம் ஒரு வக்கீல் இருந்தார். என்னிடம் திருமண் வாங்குகிறவர். அவரிடம் போய்ச் சொன்னேன். அவர் கெட்டவர் அல்ல, இதை எழுதித்தான் ஆக வேண்டும். கண்ணில் நீர் முட்டக் கேட்டுக்கொண்டார். கேட்டுவிட்டு, "தலைவர் யார்? விதிகள் எழுதியிருக்கா? கமிட்டி உண்டா?" என்றார். ஒன்றும் இல்லை என்றேன். "அதான் மதிக்கமாட்டேங்கறாங்க. ஒரு பிரசவ உதவிச் சங்கமாப் பண்ணிடலாம். கட்டில் நான் செஞ்சு தரேன்" என்றார். நான் அவர் காலில் விழாத குறை.

கட்டில் வந்தது. தேக்கு, கடைசல் கால்கள், பித்தளைக் குமிழ்கள், மெத்தை, மேலே வெயிலுக்கு ஒரு விதானம். தலைமாட்டுப் பலகை அகலமாக, வெறுமையாக இருந்தது. அதில் தம் தகப்பனார் பெயரை எழுதலாமா என்று வக்கீல் என்னைக் கேட்டார். நான்தான் சொன்னேன். "மனுஷா பெயர் எதுக்குங்க? சங்கு, சக்கரம், நடுவுல திருமண் எழுதிடலாம். பெருமாளே கூட வர்ற மாதிரி இருக்கும்." அவருக்கும் அது பிடித்துப்போயிற்று.

இதை எழுதும்போது கை நிற்கிறது. கேட்டவர் அவர். சொன்னது நான்.

அவன் வந்து பார்த்தான். தண்டைத் தோளில் வைத்துத் தூக்கிப் பார்த்தான். "ஆறு பேர் வேணும்" என்றான். பிறகு தலைமாட்டுப் பலகையைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

"பொம்பளை படுக்கற எடத்துலயா அண்ணே இது?"

"அவர் காப்பாத்துவார்னுதானே எழுதியிருக்கு?"

அவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனான். படித்தவர்களும் பக்தி உள்ளவர்களும் சேர்ந்து செய்கிற காரியம் என்று நினைத்திருப்பான்.

திறப்பு விழாவுக்குத் தெருக்கோடியில் தகரக் கொட்டகை போட்டு, முன்னால் பந்தல் கட்டினோம். பந்தலுக்கு இரண்டு கால் குறைந்தது. பழைய கட்டிலின் மூங்கிலைப் பிரித்து நட்டார்கள். பிரிக்கச் சொன்னதும் நான்தான். வக்கீல் மோட்டாரில் வந்தார், பேசினார். கோயிலிலிருந்து தீர்த்தம் கொண்டுவந்து கட்டிலின் மேல் தெளித்து, கற்பூரம் காட்டினார்கள். தெருப் பெண்கள் வரிசையாக வந்து தலைமாட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். ஒருத்தி மஞ்சளும் பூவும் வைத்தாள். ஆனந்தத்தில் நான் அழுதேன். கொட்டகைச் சாவியை என்னிடம் கொடுத்தார்கள்.

அதன் பிறகு அந்தக் கட்டிலில் ஒரு பெண்ணும் ஏறவில்லை.

முதல் அழைப்பு அடுத்த தெருவிலிருந்து வந்தது. ஆறு பேரும் மூச்சு வாங்கத் தூக்கிக்கொண்டு போய் வாசலில் இறக்கினார்கள். வலியில் துடித்துக்கொண்டிருந்த பெண் தலைமாட்டைப் பார்த்தாள். "ஐயையோ, சங்கு சக்கரத்து மேலயா? நான் மாட்டேன், எனக்குப் பாவம் வேண்டாம்" என்று சுவரைப் பிடித்துக்கொண்டாள். கற்பூரம் காட்டினதை அவள் பார்த்திருக்கிறாள். கண்ணில் ஒற்றிக்கொண்டவர்களில் அவளும் ஒருத்தி. ஒரு வேட்டியைப் போட்டு மூடினோம். "மூடினா உள்ள இல்லாம போயிடுவாரா?" என்று அவள் மாமியார் கேட்டாள். ஜட்கா வைத்துக்கொண்டு போனார்கள். நல்லபடியாகப் பிறந்தது, அது அவர்கள் அதிர்ஷ்டம்.

அன்றே அவன் சொன்னான். "அண்ணே, இதைச் சுரண்டிடுங்க."

"சுரண்டறதா? சங்கு சக்கரத்தையா? நான் எழுதச் சொன்னதை நானே சுரண்டவா?"

"அப்ப அந்தப் பழைய மூங்கிலைக் குடுங்க."

பந்தல் பிரித்தபோது அதை யாரோ அடுப்புக்குக் கொண்டுபோயிருந்தார்கள். புதிதாக ஒன்று கட்டலாம் என்றான். சங்கத்தின் கட்டில் இருக்கும்போது வேறொன்று கட்டினால் வக்கீல் மனம் கோணுவார் என்று நான் தடுத்தேன். அவருக்குக் கடிதம் எழுதினேன். பலகையை மாற்றுவது பற்றி அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் பேசலாம் என்று பதில் வந்தது. கூட்டம் அடுத்த மாதம். தோட்டத்து ஆட்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். சங்கத்துக்கு மட்டும் தலைப்பு அச்சடித்த காகிதம் வந்து சேர்ந்தது.

அவன் பெண் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். எங்கள் வீட்டுக்கும் வந்து போவாள். என்னைப் பெரியப்பா என்பாள். கூட்டத்துக்கு இன்னும் சில நாள் இருக்கும்போது ஒரு நடுப்பகலில் அவன் கொட்டகைக்கு ஓடிவந்தான். கையில் வாழைத்தார் வெட்டுகிற அரிவாள்.

"சாவியைக் குடுங்க, அண்ணே. குழந்தை குறுக்க இருக்குன்னு மருத்துவச்சி கைவிட்டுட்டா. பலகையைச் செதுக்கிட்டுத் தூக்கிட்டுப் போறேன். ஆள் சொல்லியிருக்கேன்."

சாவி என் இடுப்பில் இருந்தது. கதவைத் திறந்தேன், சாவி இல்லை என்று பொய் சொல்லவில்லை. அவன் அரிவாளைப் பலகை மேல் வைத்தான். குறுக்கே போய் நின்றேன்.

"மேல கை வைக்காதே. இரும்பாலயா அவரை வெட்டுவே?"

"அண்ணே, அங்க கெடக்கறது என் பொண்ணு."

"மூடிக்கிட்டுத் தூக்கிட்டுப் போ."

"கேட்டுட்டுத்தான் வரேன். செத்தாலும் அதுமேல படுக்கமாட்டேங்கறா."

"பெருமாள் காப்பாத்துவார், தம்பி."

அவன் என்னைப் பார்த்தான். "எந்தப் பெருமாள்? என் தோள்ல வர்ற பெருமாளா, உங்க பலகையில இருக்கறவரா? என் தோள்ல வர்றவர் மேல என் வேர்வை படுது, எச்சில் தெறிக்குது. அவர் ஒரு நாளும் மூஞ்சியைச் சுளிச்சதில்லை."

ஒரு கையால் தள்ளியிருந்தால் நான் விழுந்திருப்பேன். அவன் தள்ளவில்லை. என் வயதுக்கு மரியாதை கொடுத்தான். அரிவாளை அங்கேயே போட்டுவிட்டு வண்டி பிடிக்க ஓடினான்.

நான் என்ன செய்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். கொட்டகையைப் பூட்டினேன். வீட்டுக்கு வந்து, கைகால் அலம்பி, பெருமாள் முன்னால் உட்கார்ந்து திருநாமம் சொன்னேன். வண்டியோடு ஓடவில்லை. குடையும் சொம்பும்கூட எடுத்துக்கொண்டு போகவில்லை.

பாலத்தின் மேலேயே குழந்தையின் கை ஒன்று வெளியே வந்துவிட்டதாம். ஆஸ்பத்திரியில் தாயைப் பிழைக்கவைத்தார்கள். குழந்தை அழவில்லை. ஆண் குழந்தை. குலுங்காமல் வந்திருந்தால் பிழைத்திருக்குமா என்று அவன் கேட்டானாம். "சொல்ல முடியாது" என்றாளாம் டாக்டர் அம்மாள். அந்த ஒரு வார்த்தையைத் தலைக்கு வைத்துக்கொண்டுதான் பல காலம் தூங்கினேன். என் மனைவி மட்டும் ஒரு நாள் இலை போடும்போது கேட்டாள், "நம்ம பொண்ணா இருந்தா சுரண்டியிருப்பீங்களா?" நான் சாப்பிட்டுவிட்டுக் கை அலம்ப எழுந்தேன்.

கமிட்டி கூடியது. மாற்றிவிடலாம் என்றும், பெருமாள் சின்னமாதலால் பெரியவர்களைக் கேட்டுச் செய்யலாம் என்றும் தீர்மானித்தது. கேட்பதற்குள் வக்கீலுக்கு வேறு சங்கங்கள் வந்துவிட்டன. இப்போது புரட்டாசிச் சனிக்கிழமைகளில் பஜனைக்காரர்கள் பெருமாள் படத்தை வைத்து அந்தக் கட்டிலைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். ஜனங்கள் கும்பிடுகிறார்கள். படம் குலுங்குகிறது. அந்த நடையைச் சொல்லிக்கொடுக்க அவன் வருவதில்லை. கோயில் புறப்பாட்டில் மட்டும் முன்தண்டில் அதே வலது தோள். என் கடை வரும்போது அவன் முகம் என் பக்கம் திரும்பாமல் நேராக இருக்கும்.

கடைக்கு அவன் வருவதில்லை. ஊருக்கு வரும்போதெல்லாம் பெண்தான் வருவாள். அடுத்தது அவளுக்குப் பெண் குழந்தை, லால்குடியிலேயே பிறந்தது. அதை இடுப்பில் வைத்துக்கொண்டு, "அப்பாவுக்குத் திருமண் ஒரு கட்டி குடுங்க" என்பாள். காசை என் கையில் தராமல் பலகையில் வைப்பாள். வைத்துவிட்டு, ரொம்ப மரியாதையாக, "பெரியப்பா, கட்டில் சௌக்கியமா?" என்று கேட்பாள். ஒவ்வொரு தடவையும் கேட்பாள்.

போன ஐப்பசி மழையில் கொட்டகைக் கூரை ஒழுகியது. உள்ளே போய்ப் பார்த்தேன். தலைமாட்டில் தண்ணீர் வழிந்து வழிந்து, சங்கும் இல்லை, சக்கரமும் இல்லை. வெறும் பலகை. இந்த முறை அவள் கேட்டபோது அதைச் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. அவள் மனம் ஆறும் என்று நினைத்தேனோ என்னவோ.

"எழுதினதெல்லாம் மழையில அழிஞ்சுபோச்சும்மா."

அவள் குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

"அப்படியா? பெருமாள் ஒண்ணும் கோவிச்சுக்கலையா?"

திருமண் கட்டியைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு போனாள்.