வாடிய அரளி

அன்று மாட்டுக்கொட்டகையில் நின்றவர்கள்: மாட்டு டாக்டர். அண்ணன். அண்ணி, ஊரிலிருந்து வந்து இறங்கிய பையைக்கூடக் கீழே வைக்காமல். நான். எங்கள் நாய், வைக்கோலை மோந்து பார்த்துவிட்டுத் தள்ளிப் போய். நடுவில் அண்ணியின் செவலைப் பசு, காலை நீட்டிப் படுத்திருந்தது. ஏழு மாதச் சினை.

அந்தப் பசு அண்ணியின் அப்பா பேராவூரணியிலிருந்து வண்டியேற்றி அனுப்பியது. அதே வண்டியில்தான் செவ்வரளிக் குச்சிகளும் வந்தன. களத்துக்குப் போகும் பாதை ஓரம் அண்ணியே நட்டார். ஆடு மாடு கடிக்காது, வேலியும் ஆச்சு, சாமிக்குப் பூவும் ஆச்சு என்றார். ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்தது. அடியில் கீரி ஓடும். இலைக்குக் கீழே வெள்ளி மூக்குத்தி மாதிரி கூட்டுப்புழு தொங்கும். இலையைத் தூக்கிக் காட்டுவார். “இதைத் தின்னு பொழைக்கிறது இது ஒண்ணுதான் தம்பி.” கிளை வெட்டினால் அன்றே கொல்லைக் குழியில் போட்டு மண் தள்ளிவிடுவார். “பச்சையில மாடு திரும்பிக்கூடப் பாக்காது. வாடிப்போச்சுன்னா அதுக்கு வைக்கோலும் ஒண்ணு, அரளியும் ஒண்ணு.” பல தடவை கேட்டிருக்கிறேன். காதில் விழுந்தது கைக்கு வரவில்லை.

அந்த வருஷம் அண்ணனுக்கும் எனக்கும் ஆகாமல் இருந்தது. பம்புசெட்டை ஓடவிட்டுத் தூங்கி, மோட்டாரைப் புகைய விட்டவன் நான். “இன்னும் ஒண்ணு நடக்கட்டும், பாகத்தைப் பிரிச்சுக்கிட்டு வெளியே போயிடு” என்று சொல்லியிருந்தார். எனக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை. போக ஒரு இடம் கிடையாது. சோறு போட்டு வீட்டில் நிறுத்தி வைத்திருந்தது அண்ணிதான்.

சம்பா அறுவடை. அண்ணி காலை பஸ்ஸில் தாய்வீட்டுக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் அறுவடை மெஷின் வந்தது. பாதையில் அரளி சாய்ந்து கிடந்ததால் திரும்ப முடியவில்லை. டிரைவர் மேலே இருந்து என்னைப் பார்த்துக் கத்தினான். “அண்ணே, மெஷினுக்குப் பூ வைக்கிறதெல்லாம் அப்புறம், முதல்ல வழிய விடுங்க!” அண்ணன் தள்ளி வயலில் நின்றார், இதைப் பார்க்கவில்லை. நான் அரிவாளை எடுத்து வெட்டினேன். களத்து மூலையில் போட்டேன். சாயங்காலம் புதைக்கலாம் என்று நினைத்தேன். சாயங்காலம் நெல் மூட்டை கட்டும் வேலை. மறுநாள் வைக்கோல் கட்டுகளை அதன் மேலேயே இறக்கினார்கள். மூன்றாம் நாள் காலையில் அடியிலிருந்து வைக்கோலை உருவிப் பசுவுக்குப் போட்டதும் நான்தான்.

டாக்டர் பசுவின் வாயைத் திறந்து விரலை விட்டார். கையில் வந்ததை எங்களிடம் நீட்டினார். பழுப்பு இலை. “அரளி. நெஞ்சு தாறுமாறா அடிக்குது. யாருங்க வெட்டிப் போட்டது?”

அண்ணன் என் பக்கம் திரும்பினார். அண்ணி என்னைப் பார்க்காமலே சொன்னார்.

“நான்தாங்க. ஊருக்குப் போற அவசரத்துல வெட்டிப் போட்டுட்டுப் போயிட்டேன்.”

அண்ணன் என்னை விட்டுவிட்டு அவரைப் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் பசு தலையைப் போட்டுவிட்டது. டாக்டர் அதன் வயிற்றில் குழாயை வைத்துக் கேட்டார். உள்ளே கன்று அசைவது வெளியிலேயே தெரிந்தது. யாரும் நகரவில்லை. அந்த அசைவு நிற்கும் வரை நின்றோம்.

அரளியை எல்லாம் வேரோடு தோண்டச் சொன்னார் அண்ணன். நானே தோண்டினேன். பாகம் பிரியவில்லை. எனக்குக் கல்யாணம் ஆனது, பிள்ளைகள் பிறந்தார்கள், அதே வீட்டில் அண்ணி கையால் சாப்பிட்டு வளர்ந்தார்கள். யார் வந்தாலும் அண்ணன் ஆரம்பிப்பார். “குடிங்க, மாட்டைக் கொன்ன மகராசி போட்ட டீ.” வந்தவர்கள் சிரிப்பார்கள். அண்ணியும் சிரிப்பார். “ஆமா, சர்க்கரை போதுமாங்க?” நான் தம்ளரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

ஒரு நாள் கொல்லையில் தனியாக இருந்தார். “அண்ணி, அன்னைக்கு…” என்றேன். “மோட்டாரை நிறுத்திட்டு வந்தீங்களா தம்பி?” என்றார். நிறுத்தவில்லை. போய் நிறுத்திவிட்டு வந்தேன். அவர் உள்ளே போய்விட்டிருந்தார். அதற்குப் பிறகு நான் பேச்சை எடுக்கவில்லை.

போன மார்கழியில் அண்ணி போய்விட்டார். மூன்று நாள் காய்ச்சல்.

தஞ்சாவூர் பைபாஸில் ரோட்டு நடுவே வரிசையாக அரளி வைத்திருக்கிறார்கள். மாடு கடிக்காது என்பதால்தான். ஆட்கள் கிளையைக் கழித்து ஓரத்தில் போட்டுவிட்டுப் போகிறார்கள். நான் வண்டியை நிறுத்திப் பொறுக்குகிறேன். சாக்கில் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்து புதைக்கிறேன். எதுக்கு இந்த வேலை என்று வீட்டில் கேட்கிறார்கள். மண்ணைத் தள்ளி மூடுகிறேன். படுத்தால் அந்தப் பசுவின் வயிறு கண்ணுக்குள் அசைகிறது.

அண்ணியின் பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்தவர்களிடமும் அண்ணன் அதையே சொன்னார், துண்டால் முகத்தை மூடிக்கொண்டு. “மாட்டைக் கொன்ன மகராசி, என்னையும் விட்டுட்டுப் போயிட்டா.” நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். என் காதுபட அவர் சொன்னதை முதல் நாளிலிருந்து எண்ணி வந்திருக்கிறேன். அன்றையதையும் சேர்த்து நூற்று நாற்பத்திரண்டு.