பூனைக்குட்டிக்குச் சோறு போட்டவர்கள்

பூனைக்குட்டி சாப்பிட்டதும் வாந்தி எடுக்கிறது என்பதை எங்கள் வீட்டில் முதலில் கண்டுபிடித்தவன் நான்தான். கண்டுபிடித்தது கண்ணால் அல்ல, காலால். அந்த விவரத்தை மட்டும் விட்டுவிட்டு, மற்றதை அம்மாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன்.

அப்போது நாங்கள் கசார்வாடியில், பழைய பம்பாய் சாலையை ஒட்டிய ஒரு தகரக் கூரை வீட்டில் இருந்தோம். ஒரு பக்கம் பட்டறைச் சத்தம், மறுபக்கம் ரயில் சத்தம். அப்பாவுக்கு ராணுவத் தொழிற்சாலையில் வேலை. அவருடைய தம்பி, என் சித்தப்பா, தெருமுனைப் பட்டறையில் லேத் ஓட்டினார். அவருக்குக் கல்யாணமாகி, சித்தி ஊரிலிருந்து வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. அம்மா திருநெல்வேலிச் சீமையை விட்டு வந்து வெகு காலம் ஆகிவிட்டாலும், அங்கிருந்து கொண்டுவந்த நம்பிக்கைகளில் ஒன்றைக்கூட வழியில் தவற விட்டிருக்கவில்லை.

குட்டியைக் கொடுத்தது பக்கத்து வீட்டு மராத்தி அம்மாள். காகு என்று கூப்பிடுவோம். சாம்பல் நிறக் குட்டி, பாதங்கள் மட்டும் வெள்ளை. அதற்குச் சோறு போடுவது என் பொறுப்பு. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஆழமான அலுமினியக் கிண்ணத்தில் பால்சோற்றைக் குவித்து வைப்பேன். அது தலையை உள்ளே விட்டால் கிண்ணம் காலியான பிறகுதான் வெளியே எடுக்கும். கொஞ்ச நேரத்தில் வயிறு குலுங்கும், கழுத்து நீளும், தின்றதெல்லாம் தின்றபடியே தரையில் கிடக்கும்.

காகுவிடம் கேட்டோம். அவர் குட்டியைத் தூக்கி வயிற்றை அமுக்கிப் பார்த்து, "ஹாவரட்" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார். பெருந்தீனி என்று அர்த்தம்.

"அவ குடுத்த பூனை. அவ வேற எப்படிச் சொல்லுவா?" என்றாள் அம்மா.

அம்மாவுக்கு வேறு காரணம் ஏற்கெனவே தெரிந்திருந்தது. எங்கள் ஊர்ப் பக்கத்தில் மருந்து வைப்பது என்று ஒரு பேச்சு உண்டு. புருஷனைக் கைக்குள் போட்டுக்கொள்ள நினைக்கும் பெண் அவன் சோற்றில் எதையோ கலந்து கொடுப்பாளாம். உள்ளே போனால் அவன் அவள் சொன்னபடி ஆடுவான். ஒத்துக்கொள்ளாவிட்டால் சாப்பிட்டது தங்காது, வாந்திதான். சித்தப்பாவோ கல்யாணத்துக்குப் பிறகு வேறு ஆளாகியிருந்தார். பட்டறை விட்டால் நேரே வீடு. கையில் மொக்குச் சரம். அம்மா எது சொன்னாலும் பதிலுக்குப் பதில் பேசுபவர், இப்போது சிரித்துவிட்டுப் போனார். அந்தச் சிரிப்புதான் அம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"உங்க தம்பி ஆளே மாறிட்டாரு, பாத்தியளா?"

"கல்யாணம் ஆனவன் கல்யாணம் ஆனவன் மாதிரி இருக்கான். அதுல ஒனக்கு என்ன?" என்று அப்பா செய்தித்தாளைத் திருப்பினார்.

"பூனைக்குப் போட்டுப் பாக்கா. அது தாங்குதான்னு பாத்துட்டுத்தான் மனுசனுக்குப் போடுவா. நீங்க சிரிங்க."

அப்பா சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து சித்தியின் கைகளைப் பார்க்க ஆரம்பித்தேன். அவள் உப்பு எடுத்தால் அது உப்புதானா என்று பார்த்தேன். முந்தானையில் ஏதோ முடிந்திருந்தால், அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து அவிழ்த்தேன். உள்ளே ஏலக்காய் இருந்தது. ஏலக்காயாகத் தோன்றும் வேறு ஏதாவதாக இருக்கலாம் என்று, தின்னாமல் திரும்ப முடிந்து வைத்தேன்.

ஒரு சனிக்கிழமை, பள்ளி அரை நாளில் விட்டுவிட்டது. வீட்டுக்குள் அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள். பின்பக்கம் பாத்திரம் கழுவும் இடத்தில், நாங்கள் எல்லோரும் மோரி என்று சொல்லும் மூலையில், சித்தி குந்தி உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு முன்னால் பூனைக்குட்டி. நடுவில் அவளுடைய கல்யாணச் சீரில் வந்த எவர்சில்வர் தாம்பாளம்.

கதவிடுக்கில் நின்று பார்த்தேன். ஒரு கைப்பிடிச் சோற்றைத் தாம்பாளத்தில் வைத்து, விரல்களால் தேய்த்துத் தேய்த்து, பருக்கை பருக்கையாக ஓரம் வரைக்கும் இழுத்துவிட்டாள். குட்டி நக்கிக்கொண்டே வட்டமாகச் சுற்றியது. நடுவில் தாம்பாளத்தைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். குட்டி கத்தியது. அவள் உதடு அசைந்தபடியே இருந்தது. கொஞ்சம் பொறுத்துத் திரும்ப இறக்கி வைத்தாள். மந்திரம் என்றால் இப்படித்தான் இருக்கும் என்று எனக்குச் சந்தேகமே இல்லை.

காது கொடுத்துக் கேட்டபோது அவள் சொன்னது, "மெள்ள. மெள்ள. யாரு பிடுங்கப் போறா?" என்பதுதான். அதையும் கேட்டேன் என்பதை இங்கே எழுதியாக வேண்டும்.

கதவு கிரீச்சிட்டது. சித்தி திரும்பிப் பார்த்து, என்னைக் கண்டதும் நிம்மதியாகச் சிரித்தாள். "நீதானா ஐயா? அம்மாட்ட சொல்லிராத. சீர்த் தாம்பாளத்துல பூனைக்குப் போட்டேன்னு தெரிஞ்சா வைவாவ." தாம்பாளத்தைக் கழுவித் துடைத்துத் தன் டிரங்குப் பெட்டியில், துணிகளுக்கு அடியில் வைத்தாள்.

அன்று மத்தியானம் குட்டி வாந்தி எடுக்கவில்லை. சாயங்காலம் நான் கிண்ணத்தில் வைத்ததைத் தின்ற பிறகு எடுத்தது. மத்தியானம் போட்டது சாயங்காலம் வேலை செய்கிறது என்று கணக்கை நேர் செய்துகொண்டேன்.

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"பொடி கிடி போட்டாளால?"

"கையில என்னமோ இருந்துச்சு."

கையில் சோறு இருந்தது. நான் சொன்னது பொய் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ள அந்தச் சொல் வசதியாக இருந்தது. அம்மா என் தலையைத் தடவி, "எம்புள்ள கண்ணுக்கு எதுவும் தப்பாது" என்றாள். அதற்கு முன்னால் என்னைப் பற்றி வீட்டில் யாரும் அப்படிச் சொன்னதில்லை.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு எல்லோரும் உட்கார்ந்ததும், அம்மா பெட்டியிலிருந்து எடுத்த தாம்பாளத்தைக் கொண்டுவந்து சித்தப்பாவின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். சித்தி அப்போதுதான் அவருக்குச் சோறு பரிமாறிவிட்டு நிமிர்ந்திருந்தாள்.

"இதுல பூனைக்கு என்னட்டி போடுத?"

"சோறுதான் அக்கா."

"சோத்துக்கு எதுக்கு ஒளிவு மறைவு? பெட்டிக்குள்ள எதுக்கு வைக்க?"

"நீங்க வைவீங்கன்னுதான். அது ரொம்ப அவசரப்படுது அக்கா, அதான்..."

"பூனைக்கு அவசரமாம். இங்க பாருங்க, கொளுந்தனாரே. நான் ஒண்ணும் சொல்லலை. சாப்பிடணும்னா சாப்பிடுங்க. புள்ள கண்ணால பாத்திருக்கான்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சித்தியும் பார்த்தாள். அவளுடைய பார்வையில் கோபம் இருந்திருந்தால் எனக்கு உதவியாக இருந்திருக்கும். நான் வாய் திறக்கக் காத்திருக்கிறாள் என்பது மட்டும் தெரிந்தது. தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டேன்.

சித்தப்பா சோற்றைப் பிசைந்திருந்தார். கை தட்டிலேயே இருந்தது. "என்ன மதினி இது" என்று ஏதோ சொல்ல வந்தவர், முடிக்கவில்லை. சித்தி அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர், "பசிக்கலை" என்று எழுந்து கை கழுவப் போனார். அந்த ஒரு கவளத்தை அவர் வாயில் வைத்திருந்தால் போதும், அம்மா தானாக அடங்கியிருப்பாள். அவர் நம்பினார் என்று நான் நினைக்கவில்லை. பயந்தார், அவ்வளவுதான்.

மறுநாளிலிருந்து சித்தியை அடுப்புப் பக்கம் விடவில்லை. ஆடி பிறந்தது. புதுப் பெண்ணை அழைத்துப்போக அவளுடைய அண்ணன் வந்தார். வழக்கமான ஆடி அழைப்புதான், அதனால் அக்கம்பக்கத்தில் யாரும் எதுவும் கேட்கவில்லை. வாசலில் செருப்பு மாட்டும்போது சித்தி என்னிடம் குனிந்து, "கிண்ணத்துல வைக்காத ஐயா. கொஞ்சம் கொஞ்சமா பரத்திப் போடு, என்ன?" என்றாள். மருந்துக்காரியின் கடைசித் தந்திரம் என்று எண்ணி நான் தலையாட்டவில்லை.

ஆடி முடிந்தது. அழைத்துவர யாரும் போகவில்லை. அடுத்த வருடமும் போகவில்லை. சித்தப்பா வேறு கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கடைசிவரைக்கும் அம்மா கையால்தான் சாப்பிட்டார். ஒருநாளும் குறை சொன்னதில்லை, ஒருநாளும் இன்னும் கொஞ்சம் என்று கேட்டதுமில்லை.

இப்போது நான் மகர்பட்டாவில் மகள் வீட்டில் இருக்கிறேன். போன மழைக்காலத்தில் பேத்தி ஒரு பூனைக்குட்டி கொண்டுவந்தாள்.

"தாத்தா, மறுபடியும் வாமிட் பண்ணிட்டா. ஈச் டைம், சாப்பிட்டதும்."

என் வாயில் முதலில் வந்த கேள்வி, "வேலைக்கு வர்ற பொம்பளை அதுக்கு ஏதாவது குடுக்கறாளா?" என்பதுதான். பேத்தி என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "அவங்க எதுக்கு குடுக்கணும்? ஏன் இப்படிப் பேசறீங்க?"

மருத்துவர் குட்டியைப் பார்த்துவிட்டு, வேறு நோய் எதுவும் இல்லை, மெல்லாமல் அள்ளி விழுங்குகிறது என்றார். அகலமான தட்டில் கொஞ்சமாகப் பரப்பி வையுங்கள், நடுவில் நிறுத்தி நிறுத்திக் கொடுங்கள். வீட்டுக்கு வந்ததும் பேத்தி ஒரு தட்டை எடுத்துத் தரையில் வைத்து, விரலால் தேய்த்து ஓரம் வரைக்கும் இழுத்துவிட்டாள். குட்டி நக்கிக்கொண்டே சுற்றி வந்தது. நான் எழுந்து பால்கனிக்குப் போய்விட்டேன்.

ஆனால் என்னை உறுத்துவது அந்த மருத்துவர் சொன்னது இல்லை. பால்கனியில் நினைவுக்கு வந்தது வேறு.

சித்தி ஊருக்குப் போன அன்று சாயங்காலம், குட்டி இனிப் பிழைத்துக்கொள்ளும் என்ற சந்தோஷத்தில், கிண்ணத்தில் வழிய வழியச் சோறு வைத்தேன். அது தின்றது. வயிறு குலுங்கியது. கழுத்து நீண்டது. வீட்டில் சித்தி இல்லை, அவள் கைபட்ட எதுவும் இல்லை. சித்தப்பா முன்கட்டில், விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தார். நான் கூப்பிட்டிருந்தால் வந்து பார்த்திருப்பார். பார்த்திருந்தால் சித்தியை அழைத்துவர அன்றைக்கே ஸ்டேஷனுக்குப் போயிருப்பார் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

நான் அடுப்புச் சாம்பலை அள்ளிக் கொட்டி, பழைய துணியால் அழுத்தித் துடைத்து, துணியை ரயில் பாதைப் பக்கம் எறிந்துவிட்டு வந்தேன்.

"இன்னைக்கு எடுத்துச்சால?" என்று உள்ளேயிருந்து அம்மா கேட்டாள்.

"இல்லம்மா."

"பாத்தியா?" என்றாள் அம்மா, சித்தப்பாவுக்குக் கேட்கும்படி.

அடுத்த நாளும் துடைத்தேன். அதன் பிறகு குட்டியைப் பின்பக்கம் தூக்கிக்கொண்டுபோய் அங்கேயே சோறு வைத்தேன். பூனையின் மேல் பழி வந்து அதையும் துரத்திவிடுவார்களோ என்று பயந்துதான் அப்படிச் செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.