பூட்டக்கா வெளியே விட்ட ஒரே வீல்சேர்

அரசு மருத்துவமனையில் ஸ்டோர் பொறுப்பு பூட்டக்காவுடையது. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. இடுப்பில் சாவிக்கொத்து, நாக்கில் "ஆர்டர் இருக்கா?" என்ற கேள்வி. இரண்டையும் தாண்டி ஒரு பஞ்சு உருண்டைகூட வெளியே வராது. கல்யாணப் பத்திரிகையைக்கூட இரண்டு பிரதி எடுத்துக் கையெழுத்து வாங்கி வைத்திருப்பதாக வீட்டுக்காரர் கேலி செய்வார்.

முப்பத்தோரு வருஷத்தில் ஆடிட்காரர்கள் அவள் மேல் ஒரு வரி எழுதியதில்லை. ஓய்வுக்கு இன்னும் நான்கு மாதம். அந்தச் சுத்தத்தோடு வீட்டுக்குப் போக வேண்டும், அவ்வளவுதான் ஆசை. ஆட்சேபணை ஏதாவது நிலுவையில் இருந்தால் பென்ஷனும் நின்றுவிடும்.

இந்த முறை வந்த ஆடிட் அதிகாரி ஒரு பெண். பதிவேட்டை நம்பாமல் ஒவ்வொன்றையும் கண்ணால் பார்த்து எண்ணினார். பதிவேட்டில் வீல்சேர் பதினாலு. அறையில் பதிமூன்று. ரிப்பேருக்குப் போயிருக்கிறது என்று பூட்டக்கா சொல்லியிருக்கலாம். பொய் சொல்லிப் பழக்கமில்லை, பாவம்.

"ஒண்ணு நான் கொடுத்துட்டேன் மேடம். சீட்டு இல்லாம," என்றாள்.

எட்டு மாதம் முன்பு, வார்டு கூட்டும் பெண் ஸ்டோர் வாசலில் வந்து ஒன்றுமே கேட்காமல் நின்றாள். அவள் கணவனுக்குக் கால் விழுந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. கேட்டிருந்தால் பூட்டக்கா ஆர்டர் எங்கே என்றிருப்பாள். கேட்காததால் மனசு இளகிவிட்டது.

பொருளை நேரில் பார்க்காமல் அதிகாரி கணக்கை முடிக்க முடியாது. இருவரும் இரண்டு தெரு நடந்தார்கள். கூட்டும் பெண்ணின் வீட்டு வாசலில் வீல்சேரில் உட்கார்ந்து அவள் கணவர் மடியில் முறத்தோடு வெங்காயம் உரித்தபடி பக்கத்து வீட்டுக்காரரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். டயர் மொட்டையாகத் தேய்ந்திருந்தது. அதிகாரி குனிந்து எண்ணைப் பார்த்துக் குறித்துக்கொண்டார். திரும்பி வந்ததும் வீல்சேர் கேட்டு வந்த சீட்டுகளைக் காட்டச் சொன்னார்.

மறுநாள் வந்த ஆடிட் குறிப்பில் அந்த வீல்சேருக்கு ஒரே வரி: சீட்டின்றி வழங்கப்பட்டது, பயன்பாட்டில் உள்ளது, நேரில் பார்த்தேன். அதன் கீழேதான் ஆட்சேபணை. மக்கள் பணத்தில் வாங்கிய பதிமூன்று வீல்சேர்கள் மூன்று வருஷமாகப் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் கிடக்கின்றன, கேட்டு வந்த அறுபத்து மூன்று பேர் திருப்பி அனுப்பப்பட்டிருக்கிறார்கள், ஏன்?

"மேலேருந்து உத்தரவு வரலைன்னு எழுதிடு. அது உண்மைதானே," என்றார் வீட்டுக்காரர்.

உண்மைதான். ஆனால் அறுபத்து மூன்று சீட்டிலும் 'ஆர்டர் இல்லை' என்பது அவள் கையெழுத்து. அதில் ஒரு சீட்டு நினைவுக்கு வந்தது. ஒருத்தி தன் அம்மாவை முதுகில் சுமந்து வந்தாள். சுமந்தபடியே திரும்பிப் போனாள். பூட்டக்கா அழுதாள். வைக்கோல் போர் நாய் என்று யாரை யாரையோ திட்டியிருக்கிறாள், நாய் தானேதான்.

காலையில் பதில் எழுதினாள்: 'உத்தரவு வரவில்லை. நானும் கேட்கவில்லை. வெளியே போனால் தேயும், தேய்ந்தால் கணக்கில் பதில் சொல்ல வேண்டுமே என்று பயந்தேன்.' பிறகு முதல்முறையாகப் பெரிய டாக்டரிடம் உத்தரவு கேட்டாள். இரண்டு நிமிடத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அந்த இரண்டு நிமிடம்தான் அவளை ரொம்ப வலித்தது.

முதல் வண்டியை, அம்மாவைச் சுமந்து வந்தவளின் சீட்டில் இருந்த விலாசத்துக்கு அவளே தள்ளிக்கொண்டு போனாள். கதவைத் திறந்தவள் வண்டியைப் பார்த்தாள்.

"அம்மா போய் ஒரு வருஷம் ஆச்சுங்க."

"அன்னைக்கு உள்ளே பதினாலு இருந்துச்சும்மா," என்றாள் பூட்டக்கா. சொல்லாமல் போயிருக்கலாம், யாருக்கும் தெரிந்திருக்காது.

மகள் உள்ளே போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு வந்து வண்டியின் கைப்பிடியைப் பிடித்தாள்.

"அடுத்த சீட்டு எந்தத் தெருக்கா?"