போடாமல் விட்ட மூன்று ஊசிகள்

பதினான்கு ஊசியையும் போட்டுக்கொண்டிருந்தால் என் கொழுந்தனார் பிழைத்திருப்பாரா? மூன்று வருடமாகக் கேட்டுக்கொள்கிறேன், பதில் தெரியவில்லை. விஷயம் தெரிந்த யாரிடமாவது கேட்கலாமென்றால், “ஏன், போடவில்லையா?” என்று திருப்பிக் கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பயந்தே இதுவரை வாய் திறக்கவில்லை.

அவர் என் கணவருக்கு ஒரே தம்பி. இருபத்திரண்டு வயது. முதலமடைக்குப் பக்கத்தில் எங்கள் மாந்தோப்பை அவர்தான் பார்த்துக்கொண்டார். என் கணவர் வண்டன்மேட்டில் ஏலக்காய்த் தோட்டம் ஒன்றைக் குத்தகைக்கு எடுத்திருந்ததால் மாதத்தில் பாதி நாள் அங்கேதான். வீட்டில் மாமியார், கொழுந்தனார், நான், என் எட்டு மாதக் குழந்தை.

எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவர் அவர். லாரிக்காரர்களோடு மலையாளம், எங்களோடு தமிழ், மாடுகளோடு இரண்டும் பேசுவார். கோவிந்தாபுரம் போனால் எனக்கு வாரப் பத்திரிகை வாங்கி வருவார். மாங்காய் பறிக்கும் வலையைத் தைத்துக்கொண்டே, “தொடர்கதையைப் படிங்க அண்ணி, அந்தப் புள்ள கண்ணாலத்துக்கு ஒத்துக்கிட்டாளா?” என்பார். என் மகள் முதன்முதலில் சத்தமாகச் சிரித்தது என்னைப் பார்த்து அல்ல, அவரைப் பார்த்துத்தான்.

தை மாதக் கடைசியில் தோப்பில் ஒரு தெருநாய் அவர் கெண்டைக்காலைக் கடித்துவிட்டு ஓடிப்போனது. தேடியும் கிடைக்கவில்லை. அரசு ஆஸ்பத்திரியில், தினம் ஒன்றாகத் தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்றார்கள். காலை பஸ்ஸில் போய் மதியம் திரும்புவார். கம்பவுண்டர் ஊசிக்கு ஒரு கோடு போட்டுக் கொடுக்கும் சீட்டை என்னிடம் தருவார். அவர் பையில் இருந்தால் மாங்காய்ப் பால் பட்டுக் கறையாகிவிடும், வீட்டில் படித்தவளும் நான்தான்.

“வயித்துல சல்லடை போட்டுட்டாங்க அண்ணி. இனி மோர் குடிச்சா ஒழுகும், பாத்திரம் வையுங்க” என்று சிரிப்பார். உட்கார முடியாமல் நின்றுகொண்டே சாப்பிட்டார்.

பதினொன்று முடிந்தபோது வயிறு கட்டி கட்டியாக வீங்கியிருந்தது. அந்த வாரம்தான் காய் ஏற்றும் லாரியும் வந்தது. பறித்த காயை வெயிலில் போட்டுவிட்டுப் போக முடியாது. ஆள் நின்று பார்க்காவிட்டால் கூலியாட்கள் காம்போடு பறிக்காமல் உலுக்கிவிடுவார்கள்.

“மூணுதானுங்க பாக்கி. லோடு போகட்டும். அம்மா கேட்டா போயிட்டு வந்துட்டேன்னு சொல்லிப்போடுங்க.”

“அப்படிச் சொல்லலாமுங்களா தம்பி?”

“பதினொண்ணு போட்டதுக்கே நாயைக் கண்டா நானே கடிக்கிறாப்பல இருக்குது. விடுங்க அண்ணி.”

நான் பொள்ளாச்சியில் பள்ளியிறுதி வரை படித்தவள். நூற்றுக்கு முப்பத்தைந்து வாங்கினால் பாஸ் என்று பழகியவள். பதினான்குக்குப் பதினொன்று நல்ல மார்க்காகத்தான் தோன்றியது. இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது. ஆனால் அன்று நான் போட்ட கணக்கு அதுதான்.

மூன்று நாளும் மாமியார் சமையலறையிலிருந்து, “ஊசிக்குப் போயிட்டு வந்தானா அம்மிணி?” என்று கேட்டார். மூன்று நாளும், “வந்துட்டாருங்க அத்தை” என்றேன். லாரி போன பிறகாவது அவரை அனுப்பியிருக்கலாம். குழந்தைக்குப் பல் முளைக்கும் காய்ச்சல் வந்தது, அதில் மறந்தேன். மறந்தேனா, நினைவிருந்தும் விட்டேனா என்பதுகூட இப்போது சரியாகத் தெரியவில்லை.

நாய்க்கடிக்குப் பத்தியம் உண்டு என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. மூன்று மாதம் கோழி, கருவாடு, பூசணிக்காய் ஆகாது. மாமியார் கறாராகத்தான் இருந்தார். ஆனால் இரண்டாம் மாதம், “நாக்குச் செத்துப்போச்சும்மா” என்று கொழுந்தனார் கெஞ்சியபோது மனது இளகி, “பதினாலும் போட்டாச்சல்லோ, இனி என்ன” என்று ஒரு கோழியடித்துக் குழம்பு வைத்தார். தன் கையாலேயே பிசைந்து உருண்டையாகக் கொடுத்தார். வளர்ந்த பிள்ளை கை நீட்டி வாங்கிக்கொண்டதைப் பார்த்து நான்தான் கேலி செய்தேன்.

பத்து நாள் கழித்து அவருக்குத் தண்ணீர் இறங்கவில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர் தமிழும் மலையாளமும் கலந்து, ஊசி முழுவதும் போட்டதா என்று கேட்டார். நான் வாயெடுப்பதற்குள் மாமியார், “பதினாலும் போட்டாச்சுங்க” என்றார். குழந்தையை இடுப்பில் மாற்றிக்கொண்டு தலையைக் குனிந்தேன். நோய் வந்த பின் எதைச் சொல்லியும் பயனில்லை என்று பிறகு தெரிந்தது. ஆனால் குனிந்தபோது எனக்கு அது தெரியாது. இரண்டாம் நாள் போய்விட்டார்.

அன்றிலிருந்து மாமியார் சொல்வது ஒன்றுதான். “ஊசியெல்லாம் ஒழுங்காப் போட்டான் எஞ்சாமி. நாந்தான் கோழியாக்கிக் குடுத்துக் கொன்னுபோட்டேன்.” அப்படியெல்லாம் இல்லை என்று எல்லோரையும் போல நானும் சொன்னேன். கோழியால் அல்ல என்று உறுதியாகச் சொல்லக் காரணம் வைத்திருந்தவள் நான் ஒருத்திதான். அதை மட்டும் சொல்லவில்லை.

கணவரிடம் மட்டும் சொன்னேன். “அவன் போயிட்டான். இனி அவன் பொய் சொன்னான்னு வேற அம்மா நெனைக்கோணுமா? பேசாம இரு” என்றார். நீயும்தான் பொய் சொன்னாய் என்று அவர் சொல்லவில்லை.

பேசாமல்தான் இருந்தேன். ஆனால் போன வாரம் என் மகள், மாமியார் சாப்பிடும்போது பக்கத்தில் உட்கார்ந்து வாயைத் திறந்தாள். அவர் கை பாதியில் நின்றது. “உங்கம்மா ஊட்டட்டுங் கண்ணு. இந்தக் கை வேண்டாம்” என்று தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். யோசித்துப் பார்த்தால் இந்த மூன்று வருடத்தில் அவர் என் பிள்ளைக்கு ஒரு வாய்கூட ஊட்டவில்லை. கவனிக்காமல் இருந்திருக்கிறேன்.

சொன்னால் அவர் மனதிலிருந்து அந்தக் கோழி இறங்கும். பதிலுக்கு, மகன் தன்னை ஏமாற்றினான் என்பதும், மூன்று முறை நான் ஏமாற்றினேன் என்பதும் ஏறும். அறுபது வயதில் எதைச் சுமப்பது அவருக்குச் சுலபம்? அவருக்காக யோசிக்கிறேனா, என்னைக் காப்பாற்றிக்கொள்ள யோசிக்கிறேனா என்றும் சந்தேகமாக இருக்கிறது.

இதைப் படிக்கும் உங்களில் பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மார்கள் இருப்பீர்கள். என் மாமியார் இடத்தில் நீங்கள் இருந்தால், மருமகள் இதை வந்து சொல்ல வேண்டுமென்று விரும்புவீர்களா? தயவுசெய்து எழுதுங்கள். என்னைத் திட்டியே எழுதினாலும் சரி, முழுவதும் படிப்பேன்.