முந்தானையில் நீல மருந்து

என் பழைய சந்தனநிறச் சேலையின் முந்தானையில் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு நீலக் கறை இருக்கிறது. எத்தனை முறை துவைத்தும் போகவில்லை. மாட்டு டாக்டரின் ஊசியிலிருந்து சிந்தியது.

சமஸ்தானத்து ராஜா ஆட்சி போய் ஓரிரு வருடம் ஆகியிருந்தது. எங்கள் வீட்டின் ஒரே கறவை, மயிலைப் பசு, காய்ச்சலில் விழுந்து காப்பித் தண்ணீர் போல மூத்திரம் பெய்தது. உண்ணி கடித்து ரத்தத்தில் கிருமி புகுந்துவிட்டது என்றார், ஆலங்குடியிலிருந்து சைக்கிளில் வந்த டாக்டர். நான் தலைக்கயிற்றைப் பிடித்துக்கொள்ள, கழுத்து நரம்பில் நீல மருந்தை ஏற்றினார். கண்ணாடிக் குழலில் வெயில் பட்டு, ஒரு துண்டு வானம் மாட்டுக்குள் மெல்ல இறங்குவது போல இருந்தது. வாய் பிளந்து நின்றேன். பிறகு அவர் வாசலுக்குப் போய் என் மாமனாரிடம் ஏதோ சொன்னார். மாட்டு விஷயத்தை ஆண்களிடம்தான் பேசுவார்கள். சாணி அள்ளவும் கறக்கவும் மட்டும் நாங்கள். மாமனார் கேட்டுக்கொண்டு கடலைக் கொல்லைக்குப் போய்விட்டார். என்னிடம் ஒரு வார்த்தை இல்லை.

மறுநாள் விடியலில் பார்த்தால் மாட்டின் ஈறு நீலம், கண்ணின் வெள்ளை நீலம். பீய்ச்சிய பாலிலும் லேசாக நீலம். புகை படிந்த தொழுவத்தில், கனவில் வந்த மாடு மாதிரி அது என்னைப் பார்த்தது. விஷம் என்றே நினைத்தேன். பாலை எருக்குழியில் கொட்டினேன். கன்றைக் கத்தக் கத்தக் கட்டிப்போட்டுவிட்டு ஆலங்குடிக்கு நடந்தேன். ஆஸ்பத்திரி வாசலில் பத்துப் பேர் பார்க்க, “என் மாட்டக் கொன்னுட்டியேடா பாவி” என்றேன்.

அவர் கோபப்படவில்லை. “ஆத்தா, காலையில அசை போட்டுச்சா?” என்று கேட்டார்.

போட்டது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. மூத்திரமும் முந்தின நாள் அளவுக்குக் காப்பி நிறமாக இல்லை.

“அது மருந்தோட சாயம். போகப் போகக் கொறஞ்சிரும். ஒங்க மாமனார்ட்ட சொன்னேனே.”

“அவரா கறக்குறாரு?”

வாசலில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

திரும்பி வந்து கன்றை அவிழ்த்தேன். முட்டி முட்டிக் குடித்தது. வாய் நுரையெல்லாம் நீலம் பூத்திருந்தது. பசு பிழைத்துக்கொண்டது. டாக்டரிடம் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. அந்தப் பழக்கமே எனக்கு இல்லை. ஆனால் அதன்பின் எங்கள் தெருவில் எந்த வீட்டுக்கு வந்தாலும், ஊசியை எடுக்குமுன், “கறக்குறது யாரு? அவுங்கள வரச் சொல்லுங்க” என்பார். மாற்றலாகிப் போகும்வரை அப்படித்தான்.

இப்போது மருந்து மஞ்சள். ஈறு நீலமாவதில்லை. போன வாரம் வந்த புது டாக்டர் ஊசி போட்டுவிட்டு என் வீட்டுக்காரரைத் தனியே கூப்பிட்டுப் பேசினார். கறை பட்ட முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு இருவருக்கும் நடுவில் போய் நின்றேன்.

“கறக்குறது நாந்தான். இங்கிட்டுச் சொல்லுங்க.”