டாட்டி யார் வீட்டுப் பிள்ளை

ஸ்கை தீவில் தபால் வண்டி ஓட்டும் ஊனாவுக்கும், யார்க்‌ஷயரிலிருந்து மீன் பிடிக்க வந்து அவளிடமே மாட்டிக்கொண்ட ஹெட்லிக்கும் பிள்ளை இல்லை. ஆனால் சம்பந்திச் சண்டைக்குக் குறைவில்லை. காரணம், டாட்டி என்கிற நாய்.

டாட்டியின் தாய், ஊனா வளர்த்த கெய்ர்ன் டெரியர் ஜாதி நாய். பாறைக் குவியலுக்குள் புகுந்து நரியையும் நீர்நாயையும் விரட்டிய வம்சம். தகப்பன், ஹெட்லி கூடவே கொண்டுவந்த யார்க்கி என்ற குட்டி ஜாதி நாய். துணி ஆலைகளில் எலி பிடித்த பரம்பரைதான். ஆனால் இதுவோ பட்டு முடியும் தலையில் ரிப்பனுமாக, மடியைவிட்டு இறங்காத மைனர். இரண்டுக்கும் பிறந்தது முழங்கால் உயரம்கூட இல்லாமல், பழைய துடைப்பம்போல் இருந்தது.

மழை பெய்தால் டாட்டி வாசலைத் தாண்டாது.

“பாரு, ஒங்க ஊரு சொகுசு! காலு நனைஞ்சா கரைஞ்சிடுமாம் தொரைக்கு,” என்பாள் ஊனா.

“உருளைக்கிழங்குப் பாத்தியப் பூராத் தோண்டிப் போட்டுச்சே, அது யாரு வீட்டுப் புத்தியாம்?” என்பான் ஹெட்லி.

“எங்க பக்கம் உழைப்பாளிங்க.”

“நீ ஓட்டுற தபால் வண்டியவே பாத்துக் கொலைக்குதே, அதுவும் உழைப்பா?”

பிப்ரவரியில் ஹெட்லி நெஞ்சுவலியில் போய்விட்டான். கதவுக்குப் பின்னால் அவனுடைய கம்பளிக் கோட்டு தொங்கியது. காலையில் வண்டியை எடுக்குமுன் அதன் காலரில் முகம் புதைத்து, அந்தப் புகையிலை வாசனையை ஒரு மூச்சு இழுத்துவிட்டுத்தான் ஊனா கிளம்புவாள். டாட்டி என்ன அழிச்சாட்டியம் செய்தாலும் அவளுக்குத் திட்ட வாய் வரவில்லை. எதிர்க்கட்சி இல்லாமல் என்ன வழக்கு?

மே மாதம் டாட்டி ஒரு நீர்நாயைத் துரத்திக்கொண்டு கரையோரப் பாறைக் குவியலுக்குள் புகுந்தது. குரைப்பு உள்ளே உள்ளே போய், நின்றுவிட்டது. கூப்பிட்டுக் கூப்பிட்டு ஊனாவுக்குத் தொண்டை கட்டியது. பக்கத்து வீட்டு ஆட்டுக்காரன் டார்க்வில் வந்து பார்த்தான்.

“கல்ல நகத்துனா சரிஞ்சு அது மேலயே விழும். பொந்து வாயில ஒன் கோட்டப் போட்டுட்டு வீட்டுக்குப் போ. நாம எப்பவும் பண்றதுதானே. வாசனைக்கு வந்து படுத்துக் கெடக்கும்.”

மறுநாள் அவள் கோட்டின் மேல் ஒரு செம்மறி படுத்திருந்தது.

“ஒன் ஆடு எடம் புடிச்சிடுச்சு, டார்க்வில்.”

அவன் சிரிக்கவில்லை. “டாட்டி யாரு மடியில தூங்கும், ஊனா?”

அவளுக்குப் புரிந்தது. மேற்கே வானம் கறுத்திருந்தது.

“மழையில போட்டா அவன் வாசனை பூராப் போயிடும்டா.”

“போயிடுந்தான்.”

ஹெட்லியின் கோட்டை அவளே கொண்டுபோய் விரித்தாள். ராத்திரி முழுக்கக் கொட்டியது.

விடிந்ததும் போய்ப் பார்த்தாள். கோட்டு நனைந்து கனத்துக் கிடந்தது. ஒரு கை மட்டும் புடைத்திருந்தது. மழைக்குப் பயந்து டாட்டி அதற்குள் முக்கால் உடம்பை நுழைத்திருந்தது. வெளியே மிஞ்சிய வால் அவள் காலடி கேட்டு ஆடியது.

ஊனா ஈரக் காலரை முகர்ந்தாள். உப்பும் நாய் நாற்றமும்தான்.

“உள்ள போனது எங்க வீட்டுப் புத்தி,” என்றாள், டாட்டியை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு. பிறகு தொண்டையைச் செருமினாள். “திரும்பி வந்தது ஒங்க வீட்டுப் புத்திதான், ஹெட்லி. இந்த ஒரு தடவ ஒத்துக்கறேன்.”